மார்ச் பன்னிரண்டு, காலை பத்து இருபது

பிரியந்தியின் வயிறு பிரியந்திக்குத்தான் சொந்தம் என்று நினைத்த ஒரே ஆள் அந்த வீட்டில் பிரியந்திதான். ஏழாம் மாதம் தொடங்கியதும் அதற்குப் பங்காளிகள் வந்து சேர்ந்தார்கள். மாமியார் நல்லம்மா, புருஷன் வினோஜன், இவர்கள் போதாதென்று டொரொன்டோவில் இருந்து வட்ஸ்அப்பில் சாதகம் பார்க்கும் சிவராசா. சிவராசா ஊரில் தபாலதிபராக இருந்தவர். கடிதங்களைக் குறித்த நாளில் குறித்த வீட்டுக்கு அனுப்பிப் பழகியவர் என்பதால் பிள்ளைகளையும் அப்படியே அனுப்பலாம் என்று நம்பினார்.

"மார்ச் பன்னிரண்டு, வியாழக்கிழமை. காலமை பத்து இருபதில இருந்து பதினொண்டு ஐம்பதுக்குள்ள. அதுக்குள்ள பிறந்தா பெடியன் ராசா. பிந்தினா..." என்று குரல்செய்தியில் ஒரு பெருமூச்சோடு நிறுத்தினார். பிந்தினால் என்ன நடக்கும் என்று சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் விடுவதில்தான் அவருடைய தொழிலே தங்கியிருந்தது.

நல்லம்மா அந்தக் குரல்செய்தியைக் குசினியில் ஒன்பது தரம் போட்டுக் கேட்டார். பத்தாம் தரம் கேட்காமலே ஒப்பிக்கத் தொடங்கினார்.

"டொக்டரிட்டச் சொல்லு பிள்ளை, பன்னிரண்டாம் திகதி பத்தரைக்கு வெட்டச் சொல்லி."

"மாமி, இஞ்ச அப்பிடி நாங்கள் சொல்லி வெட்ட மாட்டினம்."

"ஏன், கத்தி இல்லையோ?"

மூத்தவள் அபிநிலாவும் அப்படி நேரம் குறித்து எடுத்த பிள்ளைதான். வினோஜன் மொன்றியலில் ஸ்பொன்சர் கடதாசிக்காகக் காத்துக்கொண்டிருக்க, பிரியந்தி யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் குளிரூட்டிய அறையில் படுத்திருந்தாள். குத்து இல்லை, வலி இல்லை. பிள்ளையைச் சுற்றித் தண்ணீர் குறைவு என்றார் டொக்டர். குறைந்தது தண்ணீரா டொக்டரின் பொறுமையா என்று கேட்கிற துணிவு அன்றைக்கு அவளுக்கு இருக்கவில்லை. புருஷன் கனடாவில் இருக்கிறவள் அரசாங்கப் பெரியாஸ்பத்திரியில் வரிசையில் கிடந்து முக்கினால் சனம் என்ன சொல்லும்? காசு அனுப்ப ஆளிருந்தால் வெட்டித்தான் பெறவேண்டும் என்பது அவர்களுடைய ஒழுங்கையில் எழுதாத சட்டம். எதிர்வீட்டுக்காரிக்கு வெட்டு. அவளுக்கு எதிர்வீட்டுக்காரிக்கும் வெட்டு. வலி வந்து தானாகப் பெற்ற ஒருத்தியை எல்லாரும் பாவம் பார்த்து, ஹோர்லிக்ஸ் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள்.

அப்படி முகூர்த்தம் பார்த்து இறக்கிய அபிநிலாவுக்கு இப்போது ஐந்து வயது. ராஜயோகம் என்றார்கள். முதல்நாள்தான் சோபாவில் கெச்சப்பால் பூனைப் படம் கீறியிருந்தாள்.

இந்தமுறை பிரியந்தி தானாகப் பெற்றுப் பார்க்க நினைத்தாள். பெரிய கொள்கை ஒன்றுமில்லை. இப்போது அவர்கள் இருந்தது மொன்றியலில், கார்ட்டியர்வில்லில் ஒரு மூன்றாம் மாடி. வெளியே இரும்புப் படி, பாம்பு மாதிரி வளைந்து, மார்ச் மாதம் முழுக்கப் பனி உறைந்து கிடக்கும். வெட்டின வயிற்றோடு அதில் ஏறி இறங்குவதை நினைத்தாலே தையல் போடாத இடத்திலும் இழுத்தது. போனமுறை ஆறு கிழமை அபிநிலாவைத் தூக்கக்கூட முடியாமல் கிடந்தபோது தாய் இருந்தாள், சித்தி இருந்தாள், முழுகவார்க்க ஒரு ஆள் வந்துபோனாள். இங்கே நல்லம்மாவின் முழங்கால் இரண்டும் எப்போதோ வேலைநிறுத்தம் செய்துவிட்டன. வினோஜன் டவுன்டவுனில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. அங்கே அவனுக்கு மேலே இருந்த செஃப், லீவு என்ற சொல்லைக் கேட்டால் சட்டியைத் தூக்கிற வகை.

அவளுக்கும் வேலை இருந்தது. ஜான்-டலோன் சந்தையில் லூசி என்ற மனுசியின் பழக்கடை. பிரெஞ்சு வகுப்பில் அவளுக்கு வினைச்சொல் படிப்பித்தார்கள். லூசி வாய் படிப்பித்தாள். பழத்தை அமுக்கிப் பார்க்கிறவர்களை எப்படிக் கையைத் தட்டிவிடுவது, விலை பேசுகிறவர்களை எப்படிச் சிரித்துக்கொண்டே அவமானப்படுத்துவது எல்லாம் ஒன்றரை வருசத்தில் பிரியந்திக்குக் கைவந்தது. வகுப்பு ரீச்சர் கேட்டால் மயங்கி விழுந்திருப்பார். வயிறு பெரிதானதும் லூசி அவளை ஒரு ஸ்டூலில் இருத்தி, கல்லாப் பெட்டியை மட்டும் பார்க்கவிட்டாள். எட்டாம் மாதம், இனி வீட்டில் இரு, பிள்ளை பிறந்தபிறகு வா, உன் ஸ்டூல் இங்கேயே கிடக்கும் என்று அனுப்பிவைத்தாள்.

பெப்ரவரியில் ஒருநாள் மூன்று பேருமாக டொக்டரிடம் போனார்கள். பெலான்ஜே என்ற ஐம்பது வயது மனுசி, கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுத் தேடுகிறவள். யாழ்ப்பாணத்துக் கடதாசிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பிரெஞ்சில் சொன்னாள்: போனமுறை குறுக்கே, கீழேதான் வெட்டியிருக்கிறார்கள். நல்லது. வலி வந்தால் தானாகப் பெற்றுப் பார்க்கலாம். பழைய தழும்பு விட்டுக்கொடுக்கச் சின்னதாக ஒரு வாய்ப்பு உண்டு, அதனால் பக்கத்திலேயே இருந்து பார்ப்போம். வேண்டாம், வெட்டுவோம் என்றாலும் சரி. அதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. மடாம் என்ன நினைக்கிறா?

மடாம் என்ன நினைக்கிறா என்று வினோஜன் தமிழில் கேட்டான்.

"எனக்குத் தானாப் பெற்றுப் பாக்க விருப்பம் எண்டு சொல்லுங்கோ."

வினோஜன் தாயைப் பார்த்தான். நல்லம்மா கூரையைப் பார்த்தார். பதின்மூன்று வயதில் வந்திறங்கி, மொன்றியல் தெருக்களில் பழகிய தன் அழகான பிரெஞ்சில் வினோஜன் சொன்னான்: "அவவுக்கு ஒப்பரேஷன்தான் வேணுமாம். மார்ச் பன்னிரண்டு. காலமை. பதினொன்று ஐம்பதுக்கு முன்னம்."

டொக்டர் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கினாள். "பதினொன்று ஐம்பதுக்கு முன்னமா? ஏன்?"

"பார்க்கிங்," என்றான் வினோஜன்.

பிரியந்திக்கு முழுவதும் விளங்கிற்று. அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவும் அடிவயிற்றிலிருந்து மேலே ஏறி வந்தது. வந்தது வகுப்புப் பிரெஞ்சு அல்ல, கடைப் பிரெஞ்சு.

"இவர் பிழையாச் சொல்லுறார், மடாம்," என்றாள். வயிற்றில் கையை வைத்தாள். "இது என்னுடையது. இன்னும் பழுக்கேல்லை. பழுக்காததை வெட்டுறேல்லை. ஒருத்தரும் அமுக்கிப் பாக்கவும் தேவையில்லை!"

லூசி கேட்டிருந்தால் கண் கலங்கியிருப்பாள். டொக்டர் சிரித்த சிரிப்பில் வெளியே இருந்த தாதி எட்டிப் பார்த்தாள். பிறகு டொக்டர் எழுந்து, மிக மரியாதையாக, வினோஜனையும் நல்லம்மாவையும் கதவுக்கு வெளியே விட்டாள்.

தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடித்தார்கள். சென்னைக்காரி. மேசைமேல் வைத்த போனுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வணக்கம்மா. டாக்டர் கேக்குறாங்க, நீங்க ஏன் நார்மல் டெலிவரி ட்ரை பண்ணணும்னு நினைக்கிறீங்க? உங்களை யாராச்சும் ஃபோர்ஸ் பண்றாங்களா?"

"எல்லாரும்தான் அம்மா. ஆனா மற்றப் பக்கத்துக்கு."

"புரியலைம்மா."

பிரியந்தி ஒவ்வொன்றாகச் சொன்னாள். படி, பனி, தூக்கவேண்டிய மூத்த பிள்ளை, மாமியின் முழங்கால், திரும்பிப் போகவேண்டிய ஸ்டூல். சொல்லிமுடித்துவிட்டு, "போனமுறை என்னை ஒருத்தரும் கேக்கேல்லை," என்றாள். போனுக்குள் இருந்தவள் அதையும் மொழிபெயர்த்தாள்.

டொக்டர் கோப்பில் எழுதினாள். வலி வரட்டும், பார்ப்போம். வெட்டவேண்டி வந்தால் அன்றைக்கும் உன்னைக் கேட்டுவிட்டுத்தான் வெட்டுவோம் என்றாள்.

திரும்பி வரும்போது கொரோலாவுக்குள் ஹீற்றரைவிட நல்லம்மா கூடச் சூடாக இருந்தார்.

"இஞ்ச காசில்லாத சும்மா வைத்தியம். வெட்டினா கவுண்மெந்துக்குச் செலவு. அதுதான் தள்ளு தள்ளு எண்டு தள்ளச் சொல்லுறாளவை. உருத்திரமூர்த்தியின்ர மருமோளுக்குக் கொழும்பில எவ்வளவு வடிவா வெட்டினவங்கள்! தையல் தெரியாதாம்."

"அதை நீங்கள் போய்ப் பாத்தனீங்களோ மாமி?"

"கதைக்கிறாள் பார். அபிநிலாவை நல்ல நேரத்தில எடுத்தபடியாத்தானே இண்டைக்கு இவ்வளவு கெட்டிக்காரி!"

அந்தப் பேச்சுக்குப் பதில் ஐந்து வருசமாகப் பிரியந்தியின் வாய்க்குள் கிடந்தது. மெட்ரோபொலிற்றன் நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்த அந்த இடத்தில் அது வெளியே விழுந்தது.

"அபிநிலா நல்ல நேரத்தில பிறக்கேல்லை மாமி. அந்த முகூர்த்தத்துக்கு அண்டைக்கு நாலு பேர். கலியாண மண்டபம் மாதிரி வரிசையில படுத்துக் கிடந்தம். டொக்டர் ஒருத்தர்தானே? என்ர முறை வரேக்க நேரம் முடிஞ்சு அரை மணித்தியாலம். நேர்ஸ்தான் இரக்கப்பட்டு, 'என்ன நேரம் போடவேணும் அக்கா?' எண்டு கேட்டவ. நான்தான் சொன்னனான்."

வினோஜன் பிரேக்கை மிதித்தான். பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான்.  

வீட்டுக்குப் போனதும் நல்லம்மா சிவராசாவைக் கூப்பிட்டு முறையிட்டார். பிழையான நேரத்துக்கு ஐந்து வருசமாகப் பலன் சொல்லி வந்ததைக் கேட்டுச் சிவராசா கொஞ்சமும் அசையவில்லை. "நானும் யோசிச்சனான்," என்றார். "அந்தப் பிள்ளை ஏன் இப்பிடி எண்டு."

அன்று பின்னேரம் பிரியந்தி வினோஜனைப் படுக்கையறைக்குள் இருத்தி வைத்து, கதவைச் சாத்தினாள்.

"பார்க்கிங்!" என்றாள்.

வினோஜன் தலை குனிந்தான். "உடன வேற ஒண்டும் வரேல்லை."

"ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்? மாமிக்குப் பயந்தோ?"

"செஃபிட்ட பன்னிரண்டு எண்டு ஏற்கெனவே சொல்லிப்போட்டன். ஐஞ்சு கிழமை லீவுக்கு ஒரு திகதி தா, திகதி தா எண்டு நிக்கிறான். எப்ப வரும் எண்டு தெரியாத பிள்ளைக்கு நான் எப்பிடி லீவு கேக்கிறது?" நகத்தைக் கடித்தான். "அதுமட்டும் இல்லை. அபிநிலா பிறக்கேக்க நான் இஞ்ச குசினியில வெங்காயம் வெட்டிக்கொண்டு நிக்கிறன். போனில படம் வந்தது. பிள்ளை, நீர், ரெண்டு பேரும் சிரிச்சுக்கொண்டு. எனக்கு அவ்வளவுதான் தெரியும். நீர் கிடந்து கத்துறதை நான் பக்கத்தில நிண்டு பாக்கவேணும் எண்டு நினைக்க, கால் உதறுது. திகதி வைச்சு வெட்டினா ஒருத்தரும் கத்த மாட்டினம் எல்லோ?"

அவளுக்குக் கோபம் பாதி போய்விட்டது. மீதிப் பாதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

"நான்தானே கத்தப்போறன். உங்களுக்கு ஏன் கால் உதறுது? நாளைக்குப் போய் அந்தச் செஃபிட்டச் சொல்லுங்கோ, பிள்ளை பஸ் இல்லை, நேரசூசி கிடையாது எண்டு. இனிமேல் நான் சொல்லுறதைச் சொல்லாம நீங்கள் வேற ஒண்டைச் சொன்னா, நான் லூசியிட்டப் படிச்ச மிச்சத்தையும் கேப்பீங்கள்."

வினோஜன் போய்ச் சொன்னான். செஃப் கத்தினான், சட்டி ஒன்று பறந்தது, லீவு கிடைத்தது.

மார்ச் பன்னிரண்டு வந்தது. காலை ஒன்பது மணிக்கே நல்லம்மா தோய்ந்து, விபூதி பூசி, விளக்கேற்றினார். வெட்டாவிட்டால் என்ன, பிள்ளை தானாக வெளிக்கிட்டு வரலாமே? பிரியந்திக்கு அன்னாசி வெட்டிக் கொடுத்தார். ஹோலுக்கும் குசினிக்கும் இடையில் இருபது தரம் நடக்கவிட்டார். பத்து இருபதுக்கு எல்லாரும் வயிற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வயிறு அன்னாசியைச் செமித்தது. பதினொன்று ஐம்பத்தொன்றுக்கு நல்லம்மா எழுந்து, பஸ்ஸைத் தவறவிட்ட முகத்தோடு விளக்கை அணைத்தார்.

"ராசாவுக்கு எழும்பப் பஞ்சிபோல," என்றாள் பிரியந்தி.

வலி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது, முட்டை பொரித்துக்கொண்டு நின்றபோது. முதல் வலிக்கு அடுப்பை நிறுத்தினாள். ஐந்தாம் வலிக்கு வினோஜன் கார்ச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் தேடினான். அபிநிலாவைக் கீழ்வீட்டு திரேசம்மாவிடம் விட்டார்கள். இரும்புப் படியில் பிரியந்தி ஒவ்வொரு தட்டாக இறங்கினாள். இடையில் இரண்டு தரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு லூசியின் சொற்களைப் பலமாகச் சொன்னாள். கீழே பனி தள்ளிக்கொண்டு நின்ற கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றி வணங்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததில் வீரம் கொஞ்சமும் வலி நிறையவும் இருந்தன. முதுகில் ஊசி போட்டார்கள். வினோஜன் அருகில் நின்றான். கால் உதறியதுதான், ஆனால் ஓடவில்லை. டொக்டரும் தாதியும் சொன்ன ஒவ்வொன்றையும் அப்படியே தமிழில் சொன்னான். ஒருதரம் டொக்டரின் இருமலையும் மொழிபெயர்க்க வாயைத் திறந்து, பிறகு மூடினான்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பார்த்தால், கருப்பை வாய் விரிவது மணித்தியாலக் கணக்காக ஒரே இடத்தில் நின்றுவிட்டிருந்தது. ஏழு சென்றிமீற்றர். அதற்கு மேல் கதவு திறக்கவில்லை. திரையில் பிள்ளையின் இதயத் துடிப்பு ஒவ்வொரு வலிக்கும் இறங்கி, ஏறத் தாமதித்தது. அன்றைக்குப் பொறுப்பாக இருந்தது ஒரு இளம் டொக்டர். மீசை இப்போதுதான் முயற்சி செய்துகொண்டிருந்தது. கட்டில் ஓரத்தில் குந்தி, பிரியந்தியின் முகத்துக்கு நேரே பேசினான். வினோஜன் சொல்லத் தொடங்க, அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பிள்ளை சரியா?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"இப்போதைக்கு ஓம்."

"பொறுத்தா?"

"நான் பொறுக்க விரும்பேல்லை. பழைய தழும்பும் இருக்கு. ஆனா உங்களைக் கேக்கவேணும்."

அவள் திரையைப் பார்த்தாள். அழுகை வந்தது. பதினெட்டு மணித்தியாலம்! படியைப் பற்றியும் ஸ்டூலைப் பற்றியும் போட்ட கணக்கெல்லாம் அந்தக் கோட்டோடு சேர்ந்து இறங்கின. மூக்கை வினோஜனின் சட்டைக் கையில் துடைத்தாள்.

"கூப்," என்றாள்.

வெட்டு. தர்பூசணியைப் பாதியாகக் கேட்கிற வாடிக்கையாளருக்குத் தினமும் சொன்ன சொல். பிறகு கடதாசியில் தானே கையொப்பம் வைத்தாள், எழுத்துக் கோணியிருந்தாலும் முழுப்பெயராக.

பெடியன் எட்டேகாலுக்குப் பிறந்தான். கழுத்தில் கொடி ஒரு சுற்று, தொண்டையில் ஒரு பெரிய கத்தல். வினோஜன் அவனைத் தூக்கிக்கொண்டு பிரியந்தியின் கன்னத்தோடு வைத்தான். வினோஜன் அழுத அழுகையில் தாதி பிள்ளையை விட்டுவிட்டு அவனைத் தேற்றினாள்.

திங்கட்கிழமை, எட்டேகால். நல்ல இராகுகாலம்! நல்லம்மா வீட்டில் கலண்டரைப் பார்த்து ஒரு நிமிடம் நெஞ்சைப் பிடித்தார். பிறகு விரல்விட்டு எண்ணினார். எட்டேகால் என்பது இங்கேதானே? ஊரில் பின்னேரம் ஐந்தே முக்கால். அங்கே அந்த நேரம் இராகுவும் இல்லை, ஒரு கேதுவும் இல்லை. சொந்தக்காரருக்கெல்லாம் ஊர் நேரத்திலேயே செய்தி அனுப்பினார். சிவராசாவுக்கு மட்டும் அனுப்பவில்லை.

மூன்றாம் நாள் நல்லம்மா தனியே ஆஸ்பத்திரிக்கு வந்தார். முழங்காலோடு இரண்டு பஸ் மாறி, பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சும் சரக்குத் தண்ணீர் ஒரு போத்தலோடு. பிரியந்தி தலையணையை வயிற்றில் அமுக்கிக்கொண்டு இருமிக்கொண்டிருந்தாள். "நான் அப்பவே சொன்னனான்" என்ற வசனத்துக்கு அவள் தயாராகவே இருந்தாள். பதிலும் வைத்திருந்தாள்.

நல்லம்மா அதைச் சொல்லவில்லை. பேரனை மடியில் வைத்துக்கொண்டு அவன் காதை மடித்து மடித்துப் பார்த்தார்.

"வினோஜனுக்கு முதல் எனக்கு ஒரு பெடியன்," என்றார். "உனக்கு அவன் சொல்லியிருக்க மாட்டான். அவனுக்கே தெரியாது."

பிரியந்தி இருமலை நிறுத்தினாள்.

"ரெண்டு நாள் கிடந்தன். சண்டைக் காலம், ஊரடங்கு. வீதியில ஒரு வாகனமும் இல்லை. ஆஸ்பத்திரியிலயும் வெட்டுறதுக்கு ஆள் இல்லையெண்டு சொன்னவை. மருத்துவிச்சி மனுசி தள்ளு பிள்ளை, தள்ளு பிள்ளை எண்டு என்ர காலைப் பிடிச்சுக்கொண்டு அழுதா. நான் தள்ளினன். அவன் வந்தவன். கத்தேல்லை."

நல்லம்மா பேரனின் காதை மறுபடி மடித்தார்.

"அதுக்குப் பிறகு எனக்குத் தள்ளு எண்ட சொல்லைக் கேட்டாலே எழும்பி ஓடவேணும் போல கிடக்கும். நேரம், நட்சத்திரம் எல்லாம்..." கையை விசிறினார். "அது சொன்னாத்தான் நாலு பேர் கேப்பினம். பயமாக் கிடக்கு எண்டு சொன்னா ஆர் கேக்கிறது?"

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே மாமி."

"நீ கேட்டனியோ?"

கேட்கவில்லைத்தான். பிரியந்தி கையை நீட்டி மாமியாரின் முழங்காலில் வைத்தாள். நல்லம்மா அதைக் கவனிக்காத மாதிரி, கட்டில் மேசையில் இருந்த பச்சை ஜெலியை எடுத்து முகர்ந்தார்.

"இது என்ன சாமான்?"

"ஜெலி. சத்திரசிகிச்சை செய்தாக்களுக்கு."

"பச்சை உடம்புக்கு இது குளிர்," என்றார் நல்லம்மா. பேரனை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, மற்றக் கையால் கரண்டியைப் பிடித்து, முழுவதையும் தானே சாப்பிட்டு முடித்தார்.